தம் சரித்திரம் எழுதுவார் தம்மைக் காணும் விதம்

தம் வரலாற்றைத் தாமே எழுதப் புகுவோர் முன்னரே அறிந்த தம்மை எழுதுகின்றனரோ, எழுதுந்தோறும் தம்மை அறிகின்றனரோ என்னும் வினாவுக்கு, மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் 'என் சரித்திர'த்தினும் தக்க சான்றை யாம் கண்டிலேம்.

1855-ல் பிறந்த அப்பெரியார், 1940-ல் ஆனந்த விகடனில் அதனை எழுதத் தொடங்கினார். நூலுக்கு 'என்' என்று பெயரிட்டவர், முதல் அத்தியாயத்திற்கு இட்ட தலைப்போ 'எங்கள் ஊர்' என்பது. தாம் பிறந்த செய்தியைச் சொல்ல அவர் விரைந்தாரல்லர். முன்னோர் வந்த பின்னரே தாம் வருகின்றார். குலப்பெருமை பேசும் நம்மவர் பலர் முன்னோரோடே நின்றுவிடுதல் வேறு செய்தி.

வீட்டார் இட்ட பெயர் வேங்கடராமன். அழைத்த பெயர் சாமிநாதன். 17-ஆம் பிராயத்தில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தபோது, ஆசிரியர் வேறு பெயருண்டோவென வினவி, அவ்வழைப்புப் பெயரையே வழங்கலானார். உலகம் அறிந்தது அதனையே. தந்தையாரோ சங்கீத வித்துவான். மகன் அவ்வூரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் பயின்றார். ஆசிரியர்க்கு அது உவப்பன்று என்றறிந்து அதனை விடுத்தார். தந்தை வழியா, ஆசிரியர் வழியா என்னும் அவ்விளம்பருவத்துத் தடுமாற்றம், முதியவர் எழுத்தில் ஐயமின்றித் தீர்ந்து நிற்கின்றது. தீர்த்தது வாழ்க்கையோ, நினைவுகூர்ந்து எழுதிய கையோ? இரண்டுமே என்பது எம் துணிபு.

1942 ஏப்ரலில் அவர் மறையவே, சரித்திரம் ஏறக்குறைய 1900-உடன் நின்றது. 1906-ல் பெற்ற மகாமகோபாத்தியாயப் பட்டம் அதில் இடம்பெறவில்லை. ஏடு தேடி அலைந்த மாணாக்கரையே அந்நூல் நமக்குத் தந்துள்ளது.