மூலம் எது? ரா, ஜேபெக் கோப்பு வடிவங்களும் ஒளிப்படச் சான்றின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

எண்ணிம ஒளிப்படக்கருவி எடுக்கும் படத்தை ரா கோப்பாகச் சேமிப்பதா, ஜேபெக் கோப்பாகச் சேமிப்பதா என்னும் தெரிவு பெரும்பாலும் படத்தின் தரம், கோப்பின் அளவு ஆகியவை சார்ந்த தொழில்நுட்பச் சிக்கலாகவே பேசப்படுகிறது. அத்தெரிவு ஒளிப்படத்தின் சான்று மதிப்போடும் பிணைந்தது என்பதை 1991 முதல் 2015 வரையிலான சில நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. செய்தி ஒளிப்படத் துறையில் உண்மையைக் காக்கும் நோக்கத்துடன் இரு நிறுவனங்கள் மேற்கொண்ட மாறுபட்ட நிலைப்பாடுகள் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எண்ணிம ஒளிப்படம், ரா கோப்பு, ஜேபெக், மூலம், சான்று, ஆவணவியல்

முன்னுரை

படச்சுருள் காலத்தில் மூலப்படம் எது என்னும் வினாவுக்கு விடை தெளிவாக இருந்தது. ஒளிபட்ட படச்சுருளாகிய நெகட்டிவே மூலம். தாளில் அச்சிட்ட படங்கள் அதன் வழி வந்தவை. ஒரு படத்தைப் பற்றி ஐயம் எழுந்தால் நெகட்டிவை எடுத்து ஒப்பிட இயன்றது. எண்ணிமக் கருவியின் வருகைக்குப் பின்னர் அவ்விடத்தைக் கோப்பு பிடித்தது. ஆயின், ஒரே காட்சியை ஒரே நொடியில் இரு வேறு கோப்புகளாகக் கருவியால் எழுத முடியும். அவற்றுள் எது மூலம் என்னும் வினா அங்குத் தோன்றுகிறது.

இரு வடிவங்களின் இயல்பு

பெரும்பாலான கருவிகளின் உணரி நிறங்களை நேரடியாகப் பதிவதில்லை. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, உணரியின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் ஒரு நிற வடிகட்டி உள்ளது. புள்ளிகளில் பாதி பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், எஞ்சிய கால் பங்கு நீலத்திற்கும் உரியவை. ஆகவே உணரி தருவது ஒளியளவைக் குறிக்கும் எண்களின் தொகுதியே. அவ்வெண்களைப் பெரிதும் மாற்றாமல் சேமிப்பது ரா கோப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் விடுபட்ட நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்த பின்னரே அது கண்ணால் காணத்தக்க படமாகிறது.

ஜேபெக் கோப்பில் இக்கணிப்பு கருவிக்குள்ளேயே நிகழ்ந்து முடிகிறது. வெண்சமநிலை, நிறச்செறிவு, கூர்மை ஆகியவை முடிவு செய்யப்பட்ட பின் படம் சுருக்கப்படுகிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974 இல் வெளியிட்ட கொசைன் உருமாற்ற முறையே இச்சுருக்கத்தின் அடிப்படை. படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கண் எளிதில் உணராத நுண்விவரங்கள் நீக்கப்படுகின்றன. 12 பிட் ரா கோப்பு ஒரு புள்ளியில் 4,096 ஒளிநிலைகளையும், 14 பிட் ரா கோப்பு 16,384 ஒளிநிலைகளையும் குறிக்க வல்லது. வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்திற்கு 256 நிலைகளே உள்ளன. நீக்கப்பட்டவற்றை மீட்க வழியில்லை.

சேமிப்பிடமும் தெரிவும்

இத்தெரிவு தொடக்கத்தில் இடப்பற்றாக்குறையின் விளைவாகவே அமைந்தது. 1991 இல் கோடாக் வெளியிட்ட டிசிஎஸ் கருவி நிக்கான் எஃப்3 கருவியின் உடலையும் 13 இலட்சம் புள்ளிகள் கொண்ட உணரியையும் கொண்டிருந்தது. தோளில் தொங்கவிட வேண்டிய தனிப் பெட்டியில் 200 மெகாபைட் வன்தட்டு இருந்தது. சுருக்கமின்றி 156 படங்களை அதில் சேமிக்கலாம். பின்னர்த் தனியே விற்கப்பட்ட ஜேபெக் சுருக்கப் பலகையைப் பொருத்தினால் 600 படங்கள் வரை சேமிக்கலாம். ஜேபெக் 1992 இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. செய்தியாளர்களுக்கு விரைவும் எண்ணிக்கையும் முதன்மையாக இருந்தமையால் அவ்வடிவம் அவர்களிடையே வேரூன்றியது.

படிக்கும் உரிமை

ரா கோப்பை மூலம் எனக் கொள்வதில் ஒரு தடை இருந்தது. ஜேபெக் எவரும் படிக்கத்தக்க பொதுத்தரம். ரா கோப்போ ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்கென வகுத்துக்கொண்ட தனிவடிவம். டேவ் காஃபின் 1997 இல் எழுதத் தொடங்கிய டிசிரா என்னும் கட்டற்ற நிரல், பல நிறுவனங்களின் கோப்புகளைப் பிறரும் படிக்க வழிசெய்தது. 2005 இல் நிக்கான் டி2எக்ஸ் கருவியின் ரா கோப்பில் வெண்சமநிலைத் தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தமை வெளிப்பட்டபோது, ஒளிப்படக்காரர் எடுத்த படத்தின் தரவு எவருக்கு உரியது என்னும் விவாதம் மூண்டது. இதற்கு முந்தைய ஆண்டிலேயே அடோபி நிறுவனம் டிஎன்ஜி என்னும் பொது வடிவத்தை முன்வைத்திருந்தது. சில நிறுவனங்கள் அதனை ஏற்றன. கேனான், நிக்கான் முதலியவை தத்தம் வடிவங்களையே பெரிதும் தொடர்ந்தன. மிகுதியான தகவலைக் கொண்ட கோப்பு, அதனைத் திறக்கும் நிரலைச் சார்ந்தே வாழ வேண்டியதாயிற்று.

இரு நிறுவனங்கள், இரு விடைகள்

செய்திப் படங்களின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானபோது ரா கோப்பு புதியதொரு பணியை ஏற்றது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு, 2010 இல் பரிசு பெற்ற படவரிசை ஒன்றின் மூலக்கோப்பைக் கேட்டுப் பெற்று ஒப்பிட்டது. ஒரு படத்திலிருந்து சிறு பகுதி அழிக்கப்பட்டிருந்தமை தெரியவர, பரிசு திரும்பப் பெறப்பட்டது.

2013 இல் நிகழ்ந்தது இதற்கு மறுதலையானது. காசா நகரில் 2012 நவம்பரில் பால் ஹான்சன் எடுத்த இறுதி ஊர்வலப் படம் அவ்வாண்டின் சிறந்த படமாகத் தெரிவு செய்யப்பட்டிருந்தது. அது பல படங்களை ஒட்டி உருவாக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. தடயவியல் வல்லுநர்கள் ரா கோப்பையும் பரிசுக்கு அனுப்பப்பட்ட ஜேபெக் கோப்பையும் ஒப்பிட்டனர். நிறமும் ஒளியும் சீர்செய்யப்பட்டிருப்பினும் படம் ஒட்டுவேலையன்று என முடிவு கூறினர். ஒருவரின் பிழையை வெளிப்படுத்திய அதே முறை மற்றொருவரின் நேர்மையைக் காத்தது.

2015 இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எதிர்த்திசையில் சென்றது. தன்னுரிமைச் செய்திப்படக்காரர்கள் ரா கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்பலாகாது. கருவியே ஜேபெக்காக எழுதிய படங்களை மட்டும் அனுப்ப வேண்டும் என அது அறிவித்தது. ஓரங்களை வெட்டுதல், ஒளியளவைச் சரிசெய்தல் போன்ற சிறு திருத்தங்கள் ஏற்கப்பட்டன. நெறி, விரைவு ஆகிய இரண்டும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இரண்டு நிலைப்பாடுகளும் உண்மையைக் காக்க எழுந்தவையே. முன்னது, படம் உருவான பின் ஐயம் தோன்றினால் ஒப்பிட்டுப் பார்க்கச் சான்று வேண்டும் என்கிறது. பின்னது, ஐயத்திற்கு இடந்தரும் மேசைப்பணியையே குறைக்க முற்படுகிறது. ஆயினும் கருவி தரும் ஜேபெக் கோப்பு மனிதத் தலையீடு அற்றதன்று. நிறமும் மாறுபாடும் எவ்வாறு அமைய வேண்டும் எனக் கருவியை வடிவமைத்த பொறியாளர்கள் முன்னரே வகுத்துள்ளனர். படத்தை எடுத்தவரின் தீர்ப்புக்கு மாற்றாக நிறுவனத்தின் தீர்ப்பு அங்கு அமர்கிறது. அவ்வாறே ரா கோப்பும் தானே பேசுவதில்லை. ஒரே ரா கோப்பை இரு நிரல்கள் சற்று வேறுபட்ட நிறங்களில் காட்டுகின்றன.

முடிவுரை

ரா, ஜேபெக் ஆகியவற்றுக்கு இடையிலான தெரிவை மெய், பொய் ஆகியவற்றுக்கு இடையிலான தெரிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. படம் குறித்த முடிவுகள் எப்போது, எவரால் எடுக்கப்படுகின்றன என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஜேபெக்கில் அம்முடிவு படம் எடுத்த நொடியிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. ரா கோப்பில் அது ஒத்திவைக்கப்படுகிறது. 2010, 2013 ஆம் ஆண்டு நிகழ்வுகள் உணர்த்துவது, தீர்ப்பு வழங்கியது ஒப்பீடே என்பதாகும். மூலக்கோப்போ வெளியிடப்பட்ட கோப்போ தனித்து நின்று அதனைத் தந்திருக்க இயலாது.

பாடவேறுபாடுகளை ஆராய்வோர், அச்சுப் பதிப்பு கிடைத்தபின் சுவடி தேவையில்லை எனக் கருதுவதில்லை. எண்ணிம ஒளிப்படங்களை வருங்கால வரலாற்றுக்குச் சான்றாகத் தொகுக்கும் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் இந்நெறி பொருந்தும். ரா கோப்பு, கருவி தந்த ஜேபெக், வெளியிடப்பட்ட படம் ஆகிய மூன்றையும் அவை சேர்த்துப் பேண வேண்டும். ரா கோப்பைத் திறக்கும் நிரலையும் உடன் காத்தாலன்றி அப்பேணல் நிறைவுறாது.