தஸ்தூரி நாக்காவுக்கு அப்பால்: மாத்தேரான் மலையில் சக்கரங்களை இழுத்தவர்கள்

மோட்டார் வண்டிகளை மலையடியில் அல்லது மலைவாயிலில் நிறுத்திவிட்டால் மலை பிழைத்துக்கொள்ளும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட கொள்கை. அது சரியான கொள்கையும்கூட. ஆனால் வண்டி நின்ற இடத்திற்கு அப்பால் மனிதரையும் மூட்டைமுடிச்சுகளையும் யார் கொண்டுசெல்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் வெவ்வேறு விடை கண்டிருக்கிறது. நம் கல்யாணுக்கு அருகிலேயே உள்ள மாத்தேரான் கண்ட விடையின் வரலாறு, சூழலியல் பேசுவோர் அனைவரும் அறிய வேண்டியது.

முதலில் ஓர் ஒப்பீடு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான் தேசியப் பூங்கா உள்ளது. வெர்ஜின் ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர்கள். நடுவே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்தில் ஒரே சாலை. 1997-இல் ஆண்டுக்கு 24 இலட்சம் பேர் அங்கு வந்தனர். கார்கள் நிற்க இடமின்றிச் சாலையோரச் செடிகளை நசுக்கின. ஆகவே 2000-ஆம் ஆண்டு முதல், கூட்டம் மிகும் மாதங்களில் தனியார் கார்களை உள்ளே விடாமல், கட்டணமற்ற ஷட்டில் பேருந்துகளை இயக்கத் தொடங்கினர். மூணாறு சென்றோர் இதே ஏற்பாட்டின் சிறு வடிவத்தை இரவிகுளம் தேசியப் பூங்காவில் கண்டிருக்கலாம். சொந்த வண்டியைக் கீழே விட்டுவிட்டு, வனத்துறையின் பேருந்தில் ராஜமலைக்கு ஏற வேண்டும்.

மாத்தேரான் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1850-இல் தாணே மாவட்ட ஆட்சியர் ஹியூ மாலெட் அதனைக் 'கண்டுபிடித்தார்' என்று நூல்கள் கூறும். தாக்கூர், காத்கரிப் பழங்குடியினர் அம்மலையின் காடுகளை அதற்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதால் அச்சொல்லை மேற்கோள் குறிக்குள் வைப்பதே முறை. சுமார் 800 மீட்டர் உயரம், கோடையிலும் நிழல். பம்பாயின் வெள்ளையர்களும், அவர்களைத் தொடர்ந்து பார்சி, போரா செல்வர்களும் அங்கு மாளிகைகள் எழுப்பினர். 1850-களிலேயே ரயில் கல்யாணைத் தாண்டி நேரல் வரை வந்துவிட்டது. நேரலிலிருந்து மேலே செல்ல நடை, குதிரை, பல்லக்கு ஆகியவையே வழி. பல்லக்கில் ஏறுபவர் ஒருவர் எனில் சுமப்பவர் பலர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் அப்துல் உசேன் ஆதம்ஜி பீர்பாய். தந்தை சர் ஆதம்ஜி பீர்பாயின் பொருளுதவியுடன் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மலைப்பாதை அமைத்தார். 1907-இல் வண்டி ஓடியது. இயந்திரம் மனிதத் தோளை விடுவிக்கும் என்ற நம்பிக்கையை அந்தச் சிறு ரயில் ஓரளவு மெய்ப்பித்தது. ஆயினும் நிலையத்தில் இறங்கியபின் விடுதி வரை செல்லச் செம்மண் பாதைதான். அங்கு குதிரையும் கைரிக்‌ஷாவும் நிலைத்தன.

பின்னர் நேரலிலிருந்து தஸ்தூரி நாக்கா வரை மோட்டார்ச் சாலை வந்தது. அதற்கு மேல் வண்டிகளுக்குத் தடை. 2003-இல் மத்திய அரசு மாத்தேரானையும் சுற்றுப்புறத்தையும் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தபோது இத்தடை மேலும் உறுதிபெற்றது. ஆம்புலன்சு போன்ற அவசர ஊர்திகளுக்கே விலக்கு. நாக்காவிலிருந்து கடைத்தெரு வரை உள்ள இரண்டரைக் கிலோமீட்டர்ச் சொச்சமே நம் கதையின் களம்.

அத்தொலைவுக்கு 2012-இல் அமன் லாட்ஜ்–மாத்தேரான் ஷட்டில் ரயில் தொடங்கப்பட்டது. ஷட்டில் என்பது தறியில் ஓடும் நாடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பிவண்டியின் விசைத்தறிகளுக்கு அருகில் வாழும் நமக்கு அவ்வுருவகத்தை விளக்க வேண்டியதில்லை. இப்பக்கமும் அப்பக்கமுமாக ஓயாமல் ஓடுவது அது. ஆனால் மலை ரயில் ஓயாமல் ஓடவில்லை. 2005 வெள்ளத்தில் பாதை சிதைந்தது, 2016-இல் தடம்புரண்டது, 2019 மழையில் மீண்டும் சிதைந்து, நேரலிலிருந்து முழுப்பாதையும் திறக்க 2022 அக்டோபர் ஆயிற்று. ரயில் நின்ற காலங்களில், ரயிலில் இடம் கிடைக்காத வேளைகளில், முதியவரையும் நோயாளியையும் சுமந்தவை கைரிக்‌ஷாக்களே. ஒருவர் முன்னே இழுக்க, மற்றவர்கள் பின்னிருந்து தள்ள, ஏற்றத்தில் மூச்சிரைக்கும் வண்டி அது.

ரிக்‌ஷா என்ற சொல்லின் பிறப்பையும் இங்கு நினைக்கலாம். ஜப்பானிய மொழியில் அது ஜின்-ரிக்கி-ஷா: ஜின் என்றால் மனிதன், ரிக்கி என்றால் ஆற்றல், ஷா என்றால் வண்டி. பின்னர் அது சுருங்கியபோது உதிர்ந்தது 'மனிதன்' என்ற பகுதியே. சொல்லிலிருந்து மனிதன் நீங்கினான், ஏர்க்காலிலிருந்து நீங்கவில்லை.

தமிழ்நாட்டில் 1973-இல் மு. கருணாநிதி அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து மாற்றாகச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியது. மாத்தேரானில் அதற்குப் பிறகு அரைநூற்றாண்டு கடந்தும் கைரிக்‌ஷா நீடித்தது, சுற்றுச்சூழல் பாதுகாப்பின் பெயரால். இதை மாற்றக் கோரி நீதிமன்றம் சென்றவர்களில் கைரிக்‌ஷாத் தொழிலாளர்களின் சங்கமே முதன்மையானது. தாங்கள் இழுக்கும் வண்டியைத் தாங்களே ஒழிக்கக் கேட்டனர். பதிலாக மின்ரிக்‌ஷா கேட்டனர். குதிரைக்காரர்கள் தம் பிழைப்பு போகும் என அஞ்சி எதிர்த்தனர். அந்த அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

வழக்கு நடந்த இடம் வியப்பூட்டுவது. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைத் தடுக்க நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கு, பின்னர் இந்தியக் காடுகள் அனைத்துக்குமான வழக்காக விரிந்தது. மாத்தேரான் கைரிக்‌ஷா மனுவும் அதனுள்தான் விசாரிக்கப்பட்டது. மரங்களுக்காகத் தொடங்கிய வழக்கில் மனிதர்களின் முறையும் வந்தது. 2022-இல் சோதனை முறையில் மின்ரிக்‌ஷா அனுமதிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 6 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு, ஆறு மாதங்களுக்குள் கைரிக்‌ஷாவைப் படிப்படியாக நிறுத்த ஆணையிட்டது. பணமில்லை என்று அரசு காரணம் சொல்லக்கூடாது என்றது. குஜராத்தின் கேவடியாவில் உள்ளதுபோல் மின்ரிக்‌ஷாக்களை வாங்கி, உண்மையில் வண்டி இழுத்தவர்களுக்கே வாடகைக்கு வழங்கும் திட்டத்தையும் சுட்டியது.

'உண்மையில் இழுத்தவர்களுக்கே' என்பதில்தான் அத்தீர்ப்பின் உயிர் உள்ளது. அது மேற்கோள் காட்டிய 1980-ஆம் ஆண்டின் பஞ்சாப் ரிக்‌ஷாத் தொழிலாளர் வழக்கிலும் இதுவே மையம். ஓட்டுபவருக்கே உரிமம் என்று சட்டம் சொன்னது. ஆனால் வண்டி வாங்கக் கையில் பணமில்லாதவருக்கு அச்சட்டத்தால் பயனில்லை எனக் கண்டு, வங்கிக் கடனுக்கும் வழிசெய்தது நீதிபதி கிருஷ்ண ஐயரின் அமர்வு. வண்டி மாறுவது மட்டும் விடுதலை ஆகாது. வண்டி யார் கைக்கு வருகிறது என்பதும் சேர்ந்ததே விடுதலை.

சயானையும் மாத்தேரானையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். இரண்டுமே காரை நிறுத்தின. ஆனால் ஒன்று, நிறுத்தும் நாளிலேயே மாற்று ஊர்தியையும் அதன் செலவையும் திட்டத்திற்குள் வைத்தது. மற்றொன்று தடையை மட்டும் எழுதிவிட்டு, எஞ்சிய தொலைவை ஏழையின் உடலிடம் ஒப்படைத்தது. மலையின் தூய காற்றுக்கான விலையை மூச்சிரைத்தே செலுத்தியவர்கள் அவர்கள்.

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று. வண்டிகளை அடிவாரத்தில் நிறுத்திப் பேருந்தில் ஏற்றுவது குறித்த பேச்சும் எழுகிறது; எழ வேண்டியதே. அத்தகைய திட்டம் எங்கு வந்தாலும், எத்தனை கார்கள் குறையும் என்று கேட்பதோடு நில்லாமல், எஞ்சிய தொலைவில் யார் உழைப்பார், அந்த வண்டி யாருக்குச் சொந்தம் என்பதையும் முதல் நாளிலேயே கேட்போம்.