திருத்தம் முடிந்தது என்று யார் சொல்வது? வடசென்னைத் தொழிற்பகுதியில் திருத்த நடவடிக்கை முறை வளர்ந்த வரலாறு

விதியை மீறிய ஓர் ஆலைக்கு இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. கசிவை அடைப்பது ஒன்று. அந்தக் கசிவு ஏன் வந்தது என்று கண்டறிந்து காரணத்தையே அகற்றுவது மற்றொன்று. முதல் வேலையைப் பராமரிப்புப் பிரிவு ஒரே ஷிப்டில் முடித்துவிடும். இரண்டாவதற்கு மாதங்கள் ஆகும். வடிவமைப்பை மாற்ற வேண்டியிருக்கும், பணம் ஒதுக்க வேண்டியிருக்கும், சில சமயம் உற்பத்தியையே நிறுத்த வேண்டியிருக்கும். இவ்விரண்டையும் பொறுப்பாளர், கெடு, சரிபார்ப்பு ஆகியவற்றோடு கட்டி நிறுத்தும் ஏற்பாடுதான் திருத்த நடவடிக்கைத் திட்டம். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், மணலி வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் தொழிற்பகுதியின் வரலாற்றில் முதல் வேலை பெரும்பாலும் விரைவாகவும், இரண்டாவது மெதுவாகவும் நடந்திருக்கிறது. செய்த திருத்தம் பலித்ததா என்று பார்க்கும் மூன்றாவது வேலைதான் நெடுங்காலம் யார் கையிலும் இல்லாமல் கிடந்தது.

இந்த முறை முதலில் எழுத்து வடிவம் பெற்ற இடங்களில் அணுமின் துறை முக்கியமானது. அமெரிக்கா 1970-இல் அணு உலைகளுக்கு வகுத்த தர உறுதி விதிகளின் 16-ஆவது கூறு, தரத்துக்குப் பாதகமான நிலைமைகளை உடனுக்குடன் கண்டு திருத்த வேண்டும் என்றது. பெரிய குறையாக இருந்தால் அதன் காரணத்தைத் தீர்மானித்து, மீண்டும் நிகழாதபடி தடுத்து, அதை மேலாண்மைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 1987-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 9001, 1996-இல் வந்த ஐஎஸ்ஓ 14001 ஆகிய தரநிலைகள் அதே கருத்தைப் பொதுத் தொழில்களுக்குக் கொண்டுவந்தன. வடசென்னை ஆலைகளில் இன்று ‘என்சி’ (இணக்கமின்மை) என்றும் ‘காப்பா’ (திருத்த, தடுப்பு நடவடிக்கை) என்றும் பேச்சில் புழங்கும் படிவங்கள் பெரும்பாலும் இந்தத் தரச்சான்றிதழ்களின் வழியே வந்தவை. சட்டம் வேறு பாதையில் வந்தது. இவ்விரு பாதைகளும் ஒன்றையொன்று தொட வெகுகாலம் ஆயிற்று.

தொழிற்பகுதி உருவான வேகம் அதைக் கண்காணிக்கும் அமைப்புகள் உருவான வேகத்தைவிடக் கூடுதல். எண்ணூரில் இன்று அசோக் லேலண்டாக உள்ள நிறுவனம் 1948-இல் தொடங்கியது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு 1955-இல் வந்தது. மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969-இல் இயங்கத் தொடங்கியது. இன்று அது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் (சிபிசிஎல்). அதையடுத்து மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் என வரிசையாக எழுந்தன. அப்போது கையில் இருந்த முதன்மையான கருவி 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அந்தச் சட்டத்தின் கண் ஆலைச் சுவருக்கு உள்ளேயே நின்றது. வேலிக்கு அப்பால் உப்பங்கழியில் இறால் பிடிப்பவருக்கு என்ன ஆகிறது என்று கேட்க அதில் இடமில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தும், தமிழ்நாட்டில் அதற்கான வாரியம் 1982 பிப்ரவரியில்தான் அமைந்தது. அதாவது, மணலியின் பெரிய ஆலைகள் தங்கள் கழிவுநீருக்கு இசைவாணை கேட்க ஓர் அலுவலகம் பிறப்பதற்கு முன்பே பத்தாண்டுக்கு மேல் ஓடியிருந்தன.

1984 டிசம்பரில் போபாலில் நடந்த பேரழிவு இந்தப் போக்கை மாற்றியது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயத் தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. கண்முன் அபாயம் இருந்தால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்குச் சட்டமாகவே கிடைத்தது. 1988-இல் நீர்ச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 33-ஏ பிரிவு, ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் தந்தது. அபாய இரசாயனங்கள் குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகள், பெரும் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஆலைக்குள்ளும் வெளியிலும் அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும், பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்றன. ஏட்டளவில் பார்த்தால் 1990-களின் தொடக்கத்திலேயே நல்ல திருத்த முறைக்கு வேண்டிய உறுப்புகள் ஏறத்தாழ எல்லாம் கூடிவிட்டன. ஒன்றுதான் குறைந்தது. நோட்டீசுக்கு ஆலை அனுப்பும் ‘சரிசெய்துவிட்டோம்’ என்ற பதிலுக்குப் பிறகு அந்தக் கோப்பை யார், எந்த ஆதாரத்தைப் பார்த்து மூடுவது என்பது தெளிவாக வகுக்கப்படவில்லை.

அந்தக் குறையின் விலை கொசஸ்தலை ஆற்றில் தெரிகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பல் தண்ணீரில் கலக்கப்பட்டு, குழம்பாகக் குழாய்கள் வழியே செப்பாக்கத்தில் உள்ள சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய்த்தடம் கழிமுகப் பகுதியைக் கடந்து செல்கிறது. சாம்பல் குழம்பு உப்புத்தாள் போல உராயும் தன்மையுடையது. கனமான துகள்கள் அடியில் படிந்து ஓடுவதால் குழாயின் அடிப்பாகமே முதலில் தேய்கிறது. இதை அறிந்துதான் அனல்மின் நிலையங்களில் குறிப்பிட்ட இடைவெளியில் குழாயைச் சுற்றித் திருப்பி வைப்பார்கள். தேய்மானம் ஒரே பக்கத்தில் சேராது. திருப்பும் முறை தவறினாலும், ஆயுள் முடிந்த குழாயே தொடர்ந்தாலும் ஓட்டை விழும். விழுந்த இடத்தில் க்ளாம்ப் போட்டு இறுக்கினால் பம்பை மறுபடி ஓட்டலாம். சில நாளில் சற்றுத் தள்ளி இன்னோர் ஓட்டை வரும். ஒவ்வொரு க்ளாம்பும் தன்னளவில் முறையான பழுதுபார்ப்புதான். ஆனால் ஓட்டைகளின் தேதியையும் இடத்தையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கும் ஒருவருக்கு, பழுது குழாயின் ஒரு புள்ளியில் இல்லை, முழுத்தடத்திலும் இருக்கிறது என்பது உடனே புலப்பட்டிருக்கும்.

வெளியே போன சாம்பல் ஆற்றுப்படுகையில் சாந்து போல இறுகியது. ஆழம் குறைந்தது, படகு தட்டியது, இறாலும் நண்டும் தங்கும் சேறு மூடிப்போயிற்று. மீனவர் தரப்பில் 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போன வழக்கில் 2022 ஜூலையில் தென்மண்டல அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற அடிப்படையில், கழிமுகத்தை மீட்பதற்கான வழியைச் சொல்ல வல்லுநர் குழுவும் அமைந்தது. ஆறு ஆண்டுகள் நடந்த வழக்கு என்பதைவிட, குழாய் கசிகிறது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லாமலே ஆறு ஆண்டுகள் போயின என்பதே இதில் கனமான செய்தி. கண்டறிதலில் குறை இல்லை. கண்டறிந்ததைத் தொழில்நுட்பத் திருத்தமாக மாற்றும் கட்டாயத்தில்தான் குறை.

தனி ஆலையை விட்டு வட்டாரம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் முயற்சி 2009-இல் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளைக் காற்று, நீர், நிலம் மூன்றிலும் அளந்து மதிப்பெண் இட்டது. 70-ஐத் தாண்டிய 43 பகுதிகள் மிக மோசமாக மாசுபட்டவை என்று அறிவிக்கப்பட்டன. மணலிக்கு 76.32. 2010 ஜனவரியில் அத்தகைய பகுதிகளில் புதுத் திட்டங்களுக்கும் விரிவாக்கத்துக்கும் தடை விழுந்தது. செயல்திட்டம் கொடுத்தால் தடை விலகும் என்ற வழி இருந்தது. திட்டங்கள் எழுதப்பட்டன, தடை விலகியது. 2018-இல் மீண்டும் அளந்தபோது மணலியின் மதிப்பெண் 84.15. இடையில் மதிப்பிடும் முறை திருத்தப்பட்டிருப்பதால் இரு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையாகாது. இருந்தாலும், இவ்விரு அளவீடுகளிலும் 70-க்குக் கீழே வரவில்லை என்பது நிற்கிறது. தடை விலகுவதற்கு ஆதாரமாக வைக்கப்பட்டது எழுதிய திட்டம்; மாறிய காற்றோ நீரோ அல்ல. திருத்த நடவடிக்கை முறையில் இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. செயலைச் செய்ததற்கான சான்றும் செயல் பலன் தந்ததற்கான சான்றும் வெவ்வேறு. முன்னதை ஆலையே தரலாம். பின்னதை அளந்துதான் பெற வேண்டும்.

2014-இல் மத்திய வாரியம் அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்களைத் தொடர் இணையவழிக் கண்காணிப்புக் கருவி பொருத்தச் சொன்னது இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. புகைபோக்கியில் உள்ள கருவி அளப்பதை வாரியத்தின் கணினி நேரடியாகப் பெறும். ஆயினும் கருவி பொருத்திய இடத்தில் வெளிவருவதை மட்டுமே அது அறியும். அடுத்துச் சொல்லப்படும் வடசென்னை விபத்துகள் எதுவும் புகைபோக்கி வழியாக வந்ததில்லை.

2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி நீரில் எரிபொருள் கலந்திருந்ததை முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல. கைப்பம்பு அடித்த குடும்பங்கள்தான். நிலத்துக்கு அடியில் சென்ற பாரத் பெட்ரோலியம் குழாயின் கசிவு அது. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றே முதல் அறிவிப்பு சொன்னது. அடுத்த நாள்களில் கரியெண்ணெய் கரையில் ஒதுங்கியது. எர்ணாவூர் கடற்கரையின் கற்களுக்கு நடுவே இறங்கி மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். முதல் மணி நேரத்தில் உண்மையான அளவைச் சொல்வதும் திருத்த நடவடிக்கையின் பகுதியே. தடுப்பு மிதவை எங்கே போடுவது, எத்தனை பேரை அனுப்புவது என்பதெல்லாம் அந்த அளவைப் பொறுத்தே முடிவாகும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் போனபோது பக்கெட்டுகளும் டிரம்களுமே மறுபடி வந்தன. குழாய்களில் கசிவு இல்லை என்பது சிபிசிஎல் தரப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ ஆலையின் மழைநீர் வடிகால் ஏற்பாட்டில் உள்ள குறையைச் சுட்டியது. வளாகத்தில் சேர்ந்திருந்த எண்ணெய் வெள்ளத்தோடு வெளியேறியது என்பது அதன் பொருள். குழாய் உடையாமலே எண்ணெய் வெளியேறும் என்பதால், உடைப்பைத் தேடும் ஆய்வு இங்கே பயன்படாது. சாதாரண நாளில் குற்றமற்று இயங்கும் வடிகால் பெருமழை நாளில் என்ன செய்யும் என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். மழைக்கு முந்தைய ஆய்வு என்பது அங்கே அலுவலகச் சடங்காக இருக்க முடியாது. 2015 வெள்ளத்தைக் கண்ட ஊர் அது. தமிழ்நாடு அரசு 2,301 மீனவர்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் நியாயமானது, தேவையானது. காரணத்தை அகற்றும் கணக்கில் அது சேராது.

எண்ணெய் முழுதும் வாரப்படுவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் உள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கப்பலிலிருந்து திரவ அம்மோனியாவை இறக்கும் முன் குழாயைக் குளிரூட்டும் பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் விழித்துத் தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தகவல் முன்கூட்டியே தரப்பட வேண்டும் என்ற 1989 விதி அந்த இரவில் அவர்களுக்கு எந்தப் பயனும் தரவில்லை. எந்தத் திசையில் ஓடினால் காற்று சுத்தமாக இருக்கும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அதன் பின் நடந்ததுதான் இந்த வரலாற்றில் புதியது. வாரியம் ஆலையை நிறுத்தியது. அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, புயலின்போது கரையோரக் கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று காரணம் சொன்னது, 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடும் விதிக்கப்பட்டது. பழைய குழாயை ஒட்டிச் சரிசெய்வதற்குப் பதில் புதுக் குழாய், உணரிகள், தானாக நிறுத்தும் ஏற்பாடு, அபாயச் சங்கு ஆகியவை பரிந்துரைகளில் இடம்பெற்றன. தானாக முன்வந்து வழக்கை எடுத்த பசுமைத் தீர்ப்பாயம், 2024 மே மாதம், கடல்சார் வாரியமும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் உரிய அனுமதி தந்த பிறகே ஆலை இயங்கலாம் என்றது. குறையைச் செய்தவர், திருத்தியவர், திருத்தம் போதும் என்று ஒப்புக்கொள்பவர் ஆகிய மூவரும் ஒருவரல்ல என்ற ஏற்பாடு இங்கே தெளிவாக நடைமுறைக்கு வந்தது. நிரந்தரமாக மூட வேண்டும் என்று மாதக்கணக்கில் போராட்டப் பந்தலில் அமர்ந்திருந்த 33 மீனவக் கிராமங்கள் இல்லாவிட்டால் இந்தக் கண்டிப்பு இவ்வளவு தூரம் வந்திருக்காது. அனுமதிகளுக்குப் பின் ஆலை 2024-இல் மீண்டும் இயங்கியது.

இந்த நிகழ்வுகளிலிருந்து ஆலைக்குள் நடக்கும் திட்டத்துக்கு வேண்டிய அமைப்பு துலங்குகிறது. பதிவேட்டில் ‘கேஸ்கெட் மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடுவது பதிவின் தொடக்கம் மட்டுமே. அந்த ஃபிளாஞ்சில் அதே கேஸ்கெட் முன்பு எப்போது மாற்றப்பட்டது, வேறு எந்த ஃபிளாஞ்சுகளில் அதே சரக்கு போடப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் அடுத்த வரியில் வர வேண்டும். கோப்பை மூடும் நாள் வேலை முடிந்த நாளாக இருக்கக்கூடாது. வடசென்னையில் குழாயும் வடிகாலும் ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டி நின்ற பிறகே அந்தத் திருத்தம் சோதிக்கப்பட்டதாகும். கெடு தவறிய திருத்தங்களின் பட்டியல் பராமரிப்புப் பிரிவோடு நில்லாமல் இயக்குநர் குழு வரை போக வேண்டும், ஏனெனில் க்ளாம்புக்கு மேற்பார்வையாளர் போதும்; புதுக் குழாய்த்தடத்துக்குப் பணம் தருபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளி கண்ட சிறு கசிவு பதிவேட்டுக்கு வர வழி இருக்க வேண்டும். சொன்னதற்காக அவர் வேலை போகக்கூடாது.

இன்னும் கைகூடாத பகுதி குப்பங்களைச் சார்ந்தது. தண்டையார்பேட்டையின் கைப்பம்பும் எர்ணாவூரின் கரையும் பெரியகுப்பத்தின் நள்ளிரவும் காட்டுவது, குறையை முதலில் அறிபவர்கள் வேலிக்கு வெளியே இருப்பவர்கள் என்பதை. அவர்கள் சொல்வது இன்று மனுவாகவோ மறியலாகவோ வழக்காகவோதான் உள்ளே வருகிறது. அதே தகவல் ஆலையின் திருத்தப் பதிவேட்டில் எண்ணிட்ட பதிவாக ஏறி, அதற்கான பதில் குப்பத்தின் பஞ்சாயத்தார் முன் வாசிக்கப்பட்டு, சரிபார்ப்பு நாளில் அவர்களில் சிலர் குழாய்த்தடத்தின் அருகே நிற்பதற்கு 1989 விதிகளில் தடை ஏதும் இல்லை.