மாற்றுப் பிரதி எடுக்கும் உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினால் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கவிதையும் நாவலும் அடங்கும் 'இலக்கியப் படைப்பு' என்னும் வரையறைக்குள் கணினி நிரலும் அமர்ந்திருக்கிறது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்த இடம் அது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நாவல் கிழிந்தால் நாம் இன்னொன்று வாங்க வேண்டியதுதான். நிரலுக்கோ, இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிரான காப்பாகப் பிரதி எடுத்துவைக்க 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இசைவு தருகிறது.

இச்சலுகையின் பின்னே ஒரு பழைய அச்சம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மென்பொருள் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியில் விற்கப்பட்டது. காந்தப் பூச்சுக் கொண்ட மெல்லிய தகடு அது. உறையின் திறப்பில் விரல் பட்டாலோ, தூசி படிந்தாலோ, காந்தம் அருகில் வந்தாலோ பதிந்தது பாழாகும். அமெரிக்கச் சட்டம் 1980லேயே காப்புப் பிரதிக்கு இடமளித்திருந்தது. நிறுவனங்களோ கள்ளப் பிரதிக்கு அஞ்சி, படியெடுக்க இயலாத தகடுகளைத் தயாரித்தன. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3, மூலத்தகட்டைக் கணினியில் செருகினால்தான் தொடங்கும். சட்டம் கொடுத்ததைத் தகடு பறித்துக்கொண்டது.

இம்முரண் நீதிமன்றம் ஏறிய கதை சுவையானது. வால்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 'புரோலாக்' தகடுகளை விற்றது. அவற்றின் காந்தப்பரப்பில் அழிக்கவியலாத சிறு வடு ஒன்று கைரேகைபோல் இடப்பட்டிருக்கும். அவ்வடுவைக் காணாவிடில் நிரல் இயங்காது. கனடாவின் குவைட் நிறுவனம், வடு இருப்பதாகவே கணினியை நம்பவைக்கும் மென்பொருளை விற்றது. வால்ட்டின் வாதம் நுட்பமானது: பதிவு அழிந்தால் சாதாரணப் பிரதியிலிருந்து மூலத்தகட்டிலேயே மீண்டும் எழுதிக்கொள்ளலாமே, சட்டம் கருதியது இயந்திர, மின் பழுதுகளை மட்டும்தானே? மூலத்தகடே உடைந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு அவ்வாதத்தில் விடையில்லை. 1988இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தில் அத்தகைய வரம்பு ஏதுமில்லை என்று தீர்ப்பளித்தது.

பின்னர் குறுந்தகடு வந்தது. அதன் அடிப்புறக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்ய முடியும். பெயர் அச்சிட்ட மேற்புறம் ஆழமாகக் கீறுண்டால் மீட்சியில்லை. ஒளியைத் திருப்பியனுப்பும் உலோகப் படலம் அப்புறத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் காவல் இப்போது தகட்டைவிட்டு இடம்பெயர்ந்திருந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, 25 குறிகள் கொண்ட திறவெண்ணைக் கேட்டது. நிறுவனத்தின் ஒப்புதலையும் கேட்டது. தகட்டைத் தொலைத்தவர் அதே பதிப்பை நண்பரிடம் இரவல் பெறலாம். திறவெண் ஒட்டிய உறையைத் தொலைத்தவர் பாடுதான் திண்டாட்டம்.

அடுத்த திருப்பம் இன்னும் கூர்மையானது. அடோபி 2005இல் வெளியிட்ட கிரியேட்டிவ் சூட் 2 மென்பொருளுக்கு ஒப்புதல் வழங்கிய கணினிகள் பின்னாளில் நிறுத்தப்பட்டன. கீறலே இல்லாத தகட்டை வைத்திருந்தவரும் புதிய கணினியில் அதை நிறுவ இயலாத நிலை. ஒப்புதல் தேவைப்படாத மாற்றுப் பதிப்பை நிறுவனம் தன் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தந்தது. 2013இல் அச்செய்தி பரவலாகப் பேசப்பட்டது. வால்ட் வழக்கில் மாற்று, உடைமையாளரின் கையில் இருந்தது. இங்கே அது நிறுவனத்தின் கையில்.

அதே 2013இல் அடோபி சந்தா முறைக்குத் திரும்பியது. நம் சட்டப்பிரிவு இன்றும் இருக்கிறது. ஆனால் அது, ஒரு பிரதியை முறையாகக் கைவசம் வைத்திருப்பவருக்கே பேசுகிறது. சந்தா முடிந்ததும் இயங்க மறுக்கும் நிரலுக்கு எத்தனை பிரதி எடுத்து என்ன பயன்? ஏடுகளைப் பெயர்த்தெழுதி வைத்தவர்களால் சங்கப் பாடல்களைப் பெற்றவர்கள் நாம். படியெடுக்க ஏடு இல்லாத இலக்கியப் படைப்பு என்னவாகும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.