கடற்கரைத் தெருவில் கடல் இல்லை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ பந்தாய் என்றொரு வீதி உண்டு. பெயர்தான் கடற்கரைத் தெரு, கடல் அங்கில்லை. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ சாலை போட்டபோது அலை தள்ளிப் போனது. சீனக் குலத்தவர் அந்தச் சாலைக்கும் அப்பால், தண்ணீரின்மேல் மரக்கால் ஊன்றி வீடு கட்டிக்கொண்டனர். கரையில் கடைவீடுகள், கீழே வியாபாரம், மேலே குடித்தனம். சந்தை, படகுத்துறை, 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் எல்லாமே நடை தூரம். நகரவாசிகளுக்கு ஊரின் அருமையே அதுதான்.

அந்த நெருக்கத்தைக் காத்தது கடலல்ல, வாடகைச் சட்டம் என்றால் சிலர் வியக்கலாம். பழைய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் பிடித்துவைத்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 2000 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்தது. தலைமுறைகளாக இருந்தவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 2006-இல் இரண்டு குலப் படகுத்துறைகள் இடிக்கப்பட்டன.

2008 ஜூலையில், மலாக்காவுடன் சேர்த்து, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கட்டடங்களுக்கு அது காவல். குடியிருப்பவரின் வாடகைக்கு அல்ல. காலியான கடைவீடுகளில் பல இன்று தங்கும் விடுதிகள், காப்பிக் கடைகள். ஒருகாலத்தில் கோயிலுக்கு நடந்து வந்த குடும்பங்களில் பலர் இப்போது காரில் வந்து, நிறுத்த இடம் தேடுகிறார்கள்.