நலங்கு விளையாட்டுக்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நம்மவர் கலியாணங்களில் நலங்கு இன்றும் நடைபெறுகின்றது. மணமக்களை மணைமீது எதிரெதிராக அமர்த்தி, மஞ்சளும் சந்தனமும் பூசிப் பெண்டிர் அவர்களை விளையாட விடுவர். தேங்காய் உருட்டுதல், பூப்பந்து எறிதல், அப்பளம் உடைத்தல், குடத்து நீரில் இட்ட மோதிரத்தைத் தேடி எடுத்தல் என்பன அவற்றுள் முக்கியமானவை.

இவை வெறும் வேடிக்கையோ? அன்று. முற்காலத்தில் மணமக்கள் பலர் சிறார்; ஒருவரோடொருவர் பேசியறியாதவர். புகுந்த வீட்டை நினைந்து நடுங்கும் பேதைப்பெண்ணின் அச்சம் நீங்க இவை துணைபுரிந்தன. பலர் முன்னிலையில் கணவனை வென்று அவள் நகைப்பதற்கு அரிதாய்க் கிடைத்த இடம் இதுவே.

1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயதெல்லை வகுத்தது. 1978-ஆம் வருஷத்துத் திருத்தம் அதனை 18, 21 என உயர்த்திற்று. சிறார் மணம் விலக்குண்டது, விளையாட்டோ நிலைத்தது.

ஆயினும், மோதிரம் மணமகள் கையில் அகப்பட்டால் மாப்பிள்ளைக்கு இழுக்கென்று கருதி, அவளை விட்டுக்கொடுக்கச் சொல்லும் முதியோரும் உளர். அன்பர்காள்! அவ்வாறு செய்யற்க. பந்தலின் ஆடம்பரம் குறையினும் குறைக. அவள் வெற்றி குறைய வேண்டா.