செய்மதி இலவசம், வரைபடத்துக்கே விலை: மலிவான வழிகாட்டிக் கருவியின் வரலாறு

மோட்டார் வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கப்படும் உள்ளங்கையளவான வழிகாட்டிக் கருவி, இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வண்டியோட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் பலருக்கு ஒரு காலத்தில் தொழிற்கருவியாகவே இருந்தது. கையடக்கத் தொலைபேசி அதன் வேலையில் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்ட பின்னரும், இணைய இணைப்பின்றி இயங்கும் மலிவான தனிக்கருவியைத் தேடுவோர் இருக்கிறார்கள். அவ்வாறு வாங்க முற்படுபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, தான் கொடுக்கும் பணம் எதற்கான விலை என்பதாகும். அதற்கான விடை இக்கருவியின் வரலாற்றில் இருக்கிறது.

செய்மதிக்கு முந்திய முயற்சிகள்

வாகன வழிகாட்டி, செய்மதியுடன் பிறந்த ஒன்றல்ல. 1981இல் ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட கருவி, வாகனம் திரும்பும் திசையையும் ஓடிய தூரத்தையும் கணக்கிட்டு இருப்பிடத்தைக் காட்டியது. ஒளிபுகும் தாளில் அச்சிட்ட வரைபடத்தைச் சிறிய திரையின் மேல் வைத்துப் பார்க்கவேண்டும். வரைபடத்தின் எல்லையைக் கடந்தால் அடுத்த தாளைச் சாரதியே மாற்றவேண்டும்.

1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'ஈற்றாக்' என்ற நிறுவனத்தின் கருவி சந்தைக்கு வந்தது. பசிபிக் தீவுகளின் மாலுமிகள் கடலில் வழியறியக் கையாண்ட முறை ஒன்றின் பெயரே அந்நிறுவனத்துக்குச் சூட்டப்பட்டிருந்தது. அதுவும் சக்கரங்களின் சுழற்சியையும் திசையறி கருவியையும் நம்பியே இயங்கியது. வரைபடங்கள் கசற் நாடாக்களில் பதியப்பட்டிருந்தன. ஆனால் அந்த நிறுவனத்தின் உண்மையான சொத்து கருவியல்ல. தெருத்தெருவாகக் கணினியில் ஏற்றி வைத்திருந்த வரைபடத் தரவே ஆகும். பத்திரிகை உலகின் பெருமுதலாளி ரூபர்ட் மேர்டொக்கின் நிறுவனம் 1989இல் அதனை வாங்கியது. பின்னர் அது சோனியிடமும், 2000இல் 'ரெலி அற்லஸ்' என்ற ஐரோப்பிய வரைபட நிறுவனத்திடமும் சென்றது. கருவி மறைந்துபோனது, தரவு கைமாறிக்கொண்டே இருந்தது.

269 உயிர்கள்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் படைத்துறைத் திட்டமாகும். அதன் முதலாவது செய்மதி 1978 பெப்ரவரியில் ஏவப்பட்டது. 1983 செப்டெம்பர் 1ஆம் திகதி, அலாஸ்காவின் அங்கரேஜிலிருந்து சியோல் நோக்கிப் பறந்த தென்கொரியப் பயணிகள் விமானம் பாதை விலகிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்து, சகாலின் தீவுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானத்திலிருந்த 269 பேரும் மாண்டனர். இரு வாரங்களில், ஜனாதிபதி ரொனால்ட் றீகனின் வெள்ளை மாளிகை, ஜி.பி.எஸ். வசதி உலகின் சிவில் பயன்பாட்டுக்கும் வழங்கப்படும் என அறிவித்தது. சிவில் பாவனைக்கான சமிக்ஞை முன்னரே திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. அதற்கு அரசியல் உத்தரவாதம் கிடைத்தது இந்தத் துயரத்தின் பின்னரே.

ஆயினும் அந்த விமானத்தில் வழியறி கருவி இல்லாமல் இருக்கவில்லை. தானியங்கிச் செலுத்தி அக்கருவியின் வழிகாட்டலைப் பின்பற்றாமல் ஒரே திசையில் விமானத்தைக் கொண்டுசென்றதையும், அதனை விமானிகள் பல மணி நேரம் கவனிக்கவில்லை என்பதையும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 1993ஆம் ஆண்டு விசாரணை எடுத்துக்காட்டியது.

வேண்டுமென்றே புகுத்திய பிழை

சிவில் பாவனைக்கு வழங்கப்பட்ட சமிக்ஞையில் 1990 முதல் அமெரிக்கா வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் இருப்பிடம் ஏறத்தாழ 100 மீற்றர் வரை தவறக்கூடும். நடுக்கடலில் 100 மீற்றர் பெரிதல்ல. நகரத்தில் அது அடுத்த தெரு. ஜனாதிபதி பில் கிளின்டனின் உத்தரவின்படி 2000 மே மாதத் தொடக்கத்தில் இந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகிலிருந்த சிவில் கருவிகளெல்லாம் ஏறக்குறைய பத்து மடங்கு துல்லியம் பெற்றன.

மலிவான வழிகாட்டியின் யுகம் அதன் பின்னரே பிறந்தது. 2004இல் நெதர்லாந்தின் 'ரொம்ரொம்' தன் முதலாவது தனிக்கருவியை வெளியிட்டது. மறுவருடம் அமெரிக்காவின் 'கார்மின்' தன் 'நூவி' வரிசையுடன் களமிறங்கியது. போட்டியில் விலை வேகமாகச் சரிந்தது. கருவியின் விலை சரியச்சரிய வரைபடத்தின் மதிப்போ உயர்ந்தது. 2008இல் ரெலி அற்லஸை ரொம்ரொம் 290 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அமெரிக்காவின் 'நவ்ரெக்' வரைபட நிறுவனத்துக்கு நொக்கியா 810 கோடி டொலர் கொடுத்தது. 2009 ஒக்டோபரில் கூகுள் தொலைபேசியிலேயே குரல்வழி வழிகாட்டலை இலவசமாக அறிவித்தபோது இரு கருவி நிறுவனங்களின் பங்குகளும் ஒரே நாளில் வீழ்ந்தன.

வாங்குபவருக்கு

இந்த வரலாறு உணர்த்துவது ஒன்றே. செய்மதிச் சமிக்ஞைக்கு எவரும் கட்டணம் செலுத்துவதில்லை. கருவி அதனைப் பெறுகிறதேயொழிய, இருப்பிடத்தை அறிய எதனையும் செய்மதிக்கு அனுப்புவதில்லை. ஆகவே கொடுக்கும் பணத்தின் பெறுமதி வரைபடத்திலேயே தங்கியிருக்கிறது. எந்தெந்த நாடுகளின் வரைபடம் உள்ளது, அது எந்த ஆண்டுக்குரியது, புதுப்பிப்பது இலவசமா என்பனவற்றைத் திரையின் அளவுக்கு முன்னர் பார்க்கவேண்டும். 'வாழ்நாள் முழுவதும் இலவசப் புதுப்பிப்பு' என்ற விளம்பரத்தில் வாழ்நாள் என்பது வாங்கியவருடையதல்ல, கருவியுடையது. பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு இனிப் புதிய வரைபடம் கிடையாது என ரொம்ரொம் 2018இல் அறிவித்தபோது பலர் இதனை உணர்ந்தனர்.

பழைய கருவியை வாங்குவோர் இன்னொன்றையும் சோதிக்கவேண்டும். ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். 1999 ஒகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் இது நிகழ்ந்தது. மென்பொருள் திருத்தப்படாத கருவிகள் தவறான திகதியைக் காட்டலாம். நெடுநாள் அணைத்து வைத்திருந்த கருவியைத் திறந்தவெளியில் சில நிமிடம் அசையாது வைத்திருந்தால், செய்மதிகளை அது மீண்டும் இனங்கண்டுகொள்ளும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகியவற்றின் சமிக்ஞைகளையும் ஏற்கும் கருவி, உயர்ந்த கட்டடங்களுக்கிடையே கூடுதல் உறுதியுடன் இயங்கும். ஒரு வல்லரசின் தயவில் மட்டும் தங்கியிருக்க விரும்பாமையே ஐரோப்பா தனக்கெனச் செய்மதிகளை ஏவியதற்கு ஒரு காரணம் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

சேருமிடத்தைப் புறப்படுமுன் பதிந்துவிடவேண்டும். ஒரே பெயரில் பல தெருக்கள் இருப்பதால் அஞ்சற் குறியீட்டையும் சரிபார்க்கவேண்டும். பயணத்தின்போது வீதிப் பலகைக்கும் திரைக்கும் முரண்பாடு தோன்றினால் பலகையையே நம்பவேண்டும். பலகை அங்கே நிற்கிறது. திரையில் தெரிவது யாரோ என்றோ பதிந்து வைத்தது. 1983இல் அந்த விமானத்திலும் கருவி இருந்தது. அதனைச் சரிபார்க்கும் கண்தான் இருக்கவில்லை.